மோதிர விரலும் சுண்டு விரலும்

காஞ்சிபுரத்தில் நான் கேட்ட முதல் கேள்விக்கே என்னைத் தண்ணீர்க்குழாய் விற்கும் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். "இங்க மோட்டார் வாடகைக்குக் கிடைக்குமா?" என்றுதான் கேட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "போருக்கா, கெணத்துக்காமா?" என்று அக்கறையாக விசாரித்துக் கை நீட்டி வழி காட்டினார். கடை வாசலில் அடுக்கியிருந்த பம்புகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மலேசியாவில் எங்களுக்கு மோட்டார் என்றால் இரண்டு சக்கரம், ஒரு ஹேண்டில். இங்கே அதற்குப் பெயர் வண்டி. மாடு இழுத்தாலும் வண்டி, பெட்ரோலில் ஓடினாலும் வண்டி.

நான் தைப்பிங்கில் ஒரு பயிற்சிப் பள்ளியில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாக அதே மைதானம், அதே மழை. ஒல்லிப் பலகைமேல் விழாமல் ஓட்ட வைப்பதும், வளைவில் கால் ஊன்றாமல் திரும்ப வைப்பதும், "பிரேக் பிடிக்கும்போது நாலு விரலும் லீவர்மேல" என்று தொண்டை வறளக் கத்துவதும் என் வேலை. தங்கையின் கல்யாணப் பட்டுப் புடவையை நெய்தவர் கையாலேயே வாங்கி வர வேண்டும் என்று வீட்டில் முடிவானதும் ஆள் தேடவே இல்லை. இந்தியா என்றதும் நான் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

புடவை நெய்பவர் பெயர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் வீடு. உள்ளே நுழைந்ததும் முதல் அறை முழுவதும் தறிதான். அவர் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தபடியே என்னை வரவேற்றார்.

"வாங்கம்மா. நாஷ்டா ஆச்சா?"

எங்கள் ஊரில் இதைப் பசியாறிட்டீங்களா என்று கேட்போம். ஆயிற்று என்றேன். அடுத்த வாக்கியத்திலேயே சேதியைச் சொல்லிவிட்டார்.

"பொடவ இன்னும் அஞ்சு நாளு ஆவும். கரைக்கு வந்த பட்டு சாயம் ஒத்துக்கல, திருப்பி அனுப்பிச்சி மறுபடி வந்துது. நெசவாளர் சொசைட்டில நூலு கொண்டாந்து குடுக்குற ஆளும் வேலைய வுட்டுப் போயிட்டான். நானே சைக்கிள்ல போயி எடுத்துனு வரேன்."

அவர் வருத்தப்பட்டார். நான் படவில்லை. தெரியாத ஊரில் ஐந்து நாள் இனாமாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் நடந்தே எவ்வளவு பார்ப்பது? அப்போதுதான் தறிக்குப் பின்னால், சுவரோரம், பழைய போர்வைக்கு அடியில் ஒரு ஹேண்டில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"இது யாரோட வண்டி?"

"என்னுது," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தாள். ஏகாம்பரத்தின் தங்கை ஜெயந்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். டீ டம்ளரை இடது கையால் நீட்டிவிட்டு, அதற்காக மன்னிப்பும் கேட்டாள். பிறகு தானாகவே வலது கையை வெளியே எடுத்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதியில் நின்றிருந்தன. வேலை பார்த்த பட்டறையில் தகடு அழுத்தும் இயந்திரம் எடுத்துக்கொண்டதாம். இரண்டு வருடம் ஆகப் போகிறது.

"அதுக்கு முன்னாடி டெய்லி இதுலதான் போயி வருவேன். எப்பிடியும் அம்பது கிலோமீட்டர் ஆவும்," என்று வண்டியைப் பார்த்தாள்.

"ஓடுமா?"

"ஓடும்," என்றார் ஏகாம்பரம் தறியிலிருந்து. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுவேன்."

வாடகை பேச வாயைத் திறந்தேன். ஜெயந்தி தடுத்துவிட்டாள். "சும்மா எடுத்துனு போங்கக்கா. ஒரே ஒரு கண்டிசன். பின்னாடி நான் குந்துவேன்."

இரண்டாம் நாள் காலை கோயில் இட்லியோடு தொடங்கியது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு உயரமாக வேகவைத்து, வட்டமாக அறுத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர் இட்லிக்குச் சாம்பார் இல்லாமல் பேச்சு வராது. இது தனியாகவே நின்று பேசியது. நான் மூன்று துண்டு சாப்பிட்டதைப் பார்த்த ஜெயந்தி, "மெதுவா, வண்டி தாங்கணும்," என்றாள்.

திருப்புட்குழிக்குப் போனோம். இராவணனோடு போரிட்டு விழுந்த சடாயுவுக்கு ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் என்று கோயிலில் சொன்னார்கள். பறவைக்கு வெட்டிய குழிதான் ஊரின் பெயருக்குள் இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதுவரை ஓட்டி வந்ததில் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். இந்தச் சாலையில் எல்லாரும் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள், ஆனால் எல்லாரும் எப்படியோ வீடு போய்ச் சேருகிறார்கள். சர்வதேச உரிமத்தைக் கைப்பையில் வைத்திருந்த பெருமையில் நான் ஒரு டிராக்டரைக்கூட முந்தினேன்.

கோயிலிலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பும் கிளைச்சாலையில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. பன்னிரண்டு வருடமாக நான் கற்றுக்கொடுத்ததை என் கை பிசகாமல் செய்தது. நான்கு விரல்களும் ஒரே நேரத்தில் லீவர்மேல் விழுந்தன. சாலையில் மெல்லிய மணல். முன் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் வழுக்கியது. அடுத்த நொடி நான், ஜெயந்தி, வண்டி மூவரும் ஓரத்து மண்ணில் கிடந்தோம். ஆடு திரும்பிப் பார்க்காமல் போனது.

வேகம் குறைவு. எனக்கு முழங்கால் தோல் போனது, வண்டிக்கு ஒரு கண்ணாடி போனது. ஜெயந்திக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. இந்தச் சேதி தைப்பிங்குக்குப் போனால் என் மாணவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

ஜெயந்தி மணலைத் தட்டியபடி எழுந்தாள். "அக்கா, நீங்க பிரேக்க புடிக்கல. லபக்குனு முழுங்கிட்டீங்க."

"நாலு விரல்லதான் பிடிக்கணும். அதுதான் முறை."

"அது உங்க ஊரு பழைய வண்டிக்கி சரியா இருக்கும். இது டிஸ்க்கு பிரேக்கு. தொட்டாலே புடிக்கும்." வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் இடது கையை வலது பக்கத்துக் கைப்பிடிமேல் வைத்துக் காட்டினாள். "ரெண்டு வெரலு எப்பவும் லீவர்மேல படுத்துக்கினே இருக்கணும். மத்த ரெண்டும் ஆக்சிலேட்டர்ல. ஆடு வந்துதா, மொதல்ல சும்மா தொடணும். வண்டி முன்னால குனியும். குனிஞ்சப்புறம்தான் அழுத்தணும். அப்ப டயரு ரோட்ட நல்லா கெட்டியா புடிச்சிக்கும்."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"எந்த ரெண்டு விரல்?" என்று கேட்டேன். கேட்டபோதே பதில் தெரிந்துவிட்டது.

"போச்சே, அந்த ரெண்டுதான்," என்றாள்.

சாலையோரப் புளியமரத்தடியில் முழங்காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மீதியையும் சொன்னாள். நூல் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்த வேலைக்கு அவளையே சொசைட்டியில் கேட்டிருக்கிறார்கள். தறிக்காரர் வீடு ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். வண்டி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் இருக்கிறது. அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உண்மையில் அவளும் ஒருமுறைகூட முயன்று பார்க்கவில்லை.

"ஏன்?"

"புடிக்கப் போயி, வெரலு இல்லன்னு அப்பத்தான் ஞாபகம் வந்தா?"

நான் வண்டியைப் பார்த்தேன். லீவர் ஓர் ஓரத்தில் ஹேண்டிலோடு பொருத்தப்பட்டிருக்கிறது, மறுமுனை வெளியே நீள்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கனக்கும், விளிம்பில் தள்ளினால் சுண்டு விரலே போதும். ஆள்காட்டி விரல் இருப்பது கீல் பக்கம். மோதிர விரலும் சுண்டு விரலும் இருப்பது விளிம்பில். இத்தனை வருடம் நான் இதை யோசித்ததே இல்லை.

"ஜெயந்தி, மிச்சம் இருக்கிற ரெண்டால ஒருதரம் பிடிங்க."

வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தது. அரைகுறை விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ள, மோதிர விரலும் சுண்டு விரலும் நீண்டு லீவரை இழுத்தன. அது அவள் நினைத்ததைவிட எளிதாக வந்தது. அவள் விட்டாள். மறுபடி இழுத்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் நின்று, "பிரேக் புடிக்கலியாமா?" என்று கேட்டார். "புடிக்குது தாத்தா," என்றாள் ஜெயந்தி. "புடிக்குது."

நானும் அதே மாதிரி செய்து பார்க்க ஆசைப்பட்டேன். லீவர் உள்ளே வந்து என் நடு விரலைக் கைப்பிடியோடு நசுக்கியது. வலியில் கையை உதறினேன். முழு விரல் உள்ளவர்களுக்கு இது சரிவராது. அவளுக்கு லீவர் வந்து நிற்க இடம் இருந்தது.

மூன்றாம் நாள் மெக்கானிக் சீனுவின் கடைக்குப் போனோம். உடைந்த கண்ணாடியை மாற்றுவது முதல் வேலை. இரண்டாவது வேலையை ஜெயந்தி விளக்கினாள்: லீவரைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், கைப்பிடிக்கு அருகே கொண்டுவர வேண்டும். சீனு எங்கள் இருவரையும் பார்த்தார். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்தார். ஜெயந்தியும் சிரித்து, தெலுங்கிலேயே பதில் கொடுத்தாள். சீனு காதுவரை சிவந்துபோனார்.

"என்ன சொன்னாரு?"

"ஒருத்திக்கு வெரலு இல்ல, இன்னொருத்திக்கு மூளை இல்ல, ரெண்டும் சேந்து வண்டி ஓட்டப் போவுதுன்னாரு."

"நீங்க?"

"உனக்கு ரெண்டும் இருந்து உன் வண்டி ஏன் ரெண்டு மாசமா ஓடலன்னு கேட்டேன். நாங்க வளந்ததே தெலுங்குக்காரங்க தெருவுலதான்."

அதன் பிறகு சீனு மிகவும் சிரத்தையாக வேலை செய்தார். வேறொரு வண்டியின் லீவரைக் கொண்டுவந்தார்; அதில் ஒரு சிறிய திருகைச் சுற்றினால் தூரம் கூடும், குறையும். ஜெயந்தியின் கையை வைத்து வைத்துப் பார்த்துச் சுற்றினார். என்ஜின் அதிர்வு பாதி விரல்களில் கரண்ட் அடிப்பதுபோல் ஏறுகிறது என்று அவள் சொன்னதும், கைப்பிடிக்குத் தடித்த ஸ்பாஞ்ச் உறை ஒன்றை மாட்டினார். இதை நாங்கள் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

மதியம் ஒரு பாய் கடையில் குஸ்கா. இறைச்சி இல்லாமல் இறைச்சியின் மணம் மட்டும் உள்ள சோறு. தட்டு காலியானதே தெரியவில்லை. பிறகு நேராக ஓரிக்கைக்கு. பாலாற்றங்கரையில் கெட்டியான மண் தரை, ஆள் நடமாட்டம் இல்லை. எனக்குத் தைப்பிங் மைதானத்துக்கே வந்துவிட்டது போல இருந்தது, மழை மட்டும் இல்லை.

முதலில் என்ஜினைப் போடாமல் வண்டியைத் தள்ளச் சொன்னேன். தள்ளு, தொடு, அழுத்து, நில். பிறகு மெல்லிய சரிவில் உட்கார்ந்து இறங்கச் சொன்னேன். பிறகு என்ஜின். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை, தோள்கள் மட்டும் காதுவரை ஏறியிருந்தன. முதல் கியரில் கிளம்பி இருபது அடி போனாள். "பிரேக்," என்றேன்.

வண்டி நிற்பதற்குப் பதில் உறுமியது. லீவரை இழுக்கும் விரல்களோடு மணிக்கட்டும் திரும்பியிருக்கிறது. ஆக்சிலேட்டரும் சேர்ந்து திரும்பிவிட்டது. வண்டி சீமைக் கருவேலப் புதருக்குள் நேராகப் போய் நின்றது. நான் ஓடினேன். கையெல்லாம் முள் கீறல். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"வுட்டுடுங்கக்கா. அண்ணன் சொல்றதுதான் கரெக்டு."

எனக்கு இந்த இடம் தெரியும். என் மாணவர்கள் பலர் இதே வாக்கியத்தை மலாயில், சீனத்தில், தமிழில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் பத்து விரல் இருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலைப் பற்றிப் பேசவில்லை, மணிக்கட்டைப் பற்றிப் பேசினேன். முழங்கையைக் கொஞ்சம் இறக்கி, மணிக்கட்டைத் தட்டையாக வைத்தால் ஆக்சிலேட்டர் திரும்பாது. முதலில் அதை முழுவதும் மூட வேண்டும். மூடிய பிறகே இரண்டு விரலும் நீள வேண்டும். ஒன்று, இரண்டு. தொடுவது மூன்று. அழுத்துவது நான்கு.

"நாலு வேல, ரெண்டு வெரலு," என்றாள் ஜெயந்தி. முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு எண்ணிக்கொண்டே பழகினோம். வெயில் சாய்ந்த பிறகு செருப்பு நுனியால் மண்ணில் ஒரு கோடு போட்டேன். அவள் தூரத்திலிருந்து வந்தாள், இரண்டாம் கியரில். முன்பக்கம் லேசாகக் குனிந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் கத்திய கத்தலில் கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை அந்தக் கோட்டில் நிறுத்தியிருக்கிறேன். ஒருத்தருக்கும் இப்படித் துள்ளிக் குதித்ததில்லை.

நான்காம் நாளும் ஓரிக்கைதான். மூன்றாம் கியர், வளைவு, மணல், திடீர் நிறுத்தம். நான் பின்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். நானும் என் பங்குக்கு அவளிடம் கற்றேன். இரண்டு விரலை லீவர்மேல் படுக்க வைத்து, தொட்டு, குனியவிட்டு, அழுத்துவது. என் நான்கு விரல் பழக்கம் போக மறுத்தது. "முழுங்காதீங்கக்கா, நக்குங்க," என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை ஏகாம்பரம் அவள் கையின் முள் கீறல்களைப் பார்த்துவிட்டார். தறி நின்றது. விஷயம் தெரிந்ததும் அவர் தங்கையை விட்டு என்னிடம் திரும்பினார்.

"நீங்க உங்க ஊருக்குப் போயிடுவீங்கம்மா. அன்னிக்கி பட்டறையிலேருந்து ஆஸ்பத்திரிக்கு இவ கைய என் மடியில வெச்சிக்கினு போனது நான். துணியெல்லாம் நனஞ்சி போச்சி. இன்னொரு தபா என்னால ஆவாது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் சனிக்கிழமை இரவு விமானத்தில் இருப்பேன்.

ஜெயந்திதான் பேசினாள். "நாளைக்கிக் காலைல நீ பின்னாடி குந்து. காமாட்சி கோயில் பக்கம் ஒரு ரவுண்டு. பயமாயிருந்தா எறங்கிக்க. சாவிய நானே உங்கிட்ட குடுத்துடுறேன். அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டார். பிறகு, "எத்தினி மணிக்கி?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஏகாம்பரம் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குதிரை ஏறுவதுபோல் பின்னால் ஏறினார். நான் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"அந்தக் கறுப்பு வண்டி பின்னாடியே போங்க."

ஆட்டோக்காரர் முன்னால் ஒரு பெண்ணும் பின்னால் ஒரு ஆணும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வூட்டுக்காரராம்மா?"

"இல்லைங்க."

"பின்ன யாரு?"

"புடவை நெய்றவரு."

இந்த விளக்கம் அவருக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்றும் தீவிரத்தோடு விரட்டினார்.

நான் வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். லீவரைத் தொட்டாலே அது எரியும். அவள் விரல் என்ன செய்கிறது என்று அங்கிருந்தே படிக்கலாம். நாய்க்கு ஒருமுறை எரிந்தது. பள்ளிக்கூட வேனுக்கு ஒருமுறை. வேகத்தடைக்கு ஒருமுறை, மிருதுவாக. ஏகாம்பரத்தின் கைகள் அவள் தோள்களை நசுக்கிக்கொண்டிருந்தன.

காமாட்சியம்மன் கோயிலுக்குத் திரும்பும் தெருவில் சுற்றுலாப் பேருந்து ஒன்று நின்றிருந்தது. அதைக் கடக்கும் நேரத்தில், பேருந்தின் முன்னாலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய மூன்றுசக்கர வண்டி ஒன்று குறுக்கே வந்தது. மிதிப்பவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்டோக்காரர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்கியிருந்தார். ஜெயந்தியின் வண்டி முன்னால் குனிவதைப் பார்த்தேன். குனிந்து, இன்னும் குனிந்து, நேர்கோட்டில் நின்றது. ஏகாம்பரத்தின் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கேன் வண்டி முன் சக்கரத்தை உரசாமல், ஒரு முழ இடைவெளியில் தன்பாட்டுக்குக் கடந்து போனது.

நான் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினேன். ஜெயந்தியின் வலது கை அப்படியே இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் லீவரை விடாமல், நகங்கள் வெளுத்து.

"எண்ணிக்கினேதான் புடிச்சேன்க்கா," என்றாள். "நாலுவரைக்கும் எண்ணிட்டேன்."

ஏகாம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஜெயந்தியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திச் சாவியை உருவிவிட்டாள்.

"சொசைட்டி எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார்.

"பத்துக்கு."

"இப்ப எத்தினி?"

ஒன்பதே முக்கால் என்று நான் சொன்னேன்.

அவர் ஹெல்மெட்டை மறுபடி மாட்டி, தாடைக்கு அடியில் வாரைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டார். "சனிக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு? போற வழிதான். சாவியப் போடு."

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வண்டி கிளம்பி, பேருந்தைச் சுற்றி, பூக்கடைகளைத் தாண்டிப் போனது.

ஆட்டோக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "வுட்டுடாதீங்கமா, ஏறுங்க, புடிச்சிடலாம்."

"வேண்டாங்க," என்றேன். "அவங்க வேலைக்குப் போறாங்க."